பெலும் குகை: குப்பைக்குழிக்குள் ஓடிய பாதாள கங்கை

தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் லீவு விட்டால் திருப்பூரே காலியாகிவிடும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு ஊட்டி, வால்பாறை, கொஞ்சம் பக்கத்தில் என்றால் திருமூர்த்தி மலை என்று கிளம்புவார்கள். பூமிக்கு அடியில் ஓடும் ஓர் ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் அபூர்வம். அப்படி ஒன்று கொங்கு நாட்டில் கிடையாது என்பதுதான் காரணம். இங்கே காலுக்கு அடியில் இருப்பது கெட்டியான பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் தங்கும், குகை குடையாது. ஆயிரம் அடி போர் போட்டவர்களைக் கேட்டால் தெரியும்!

குகை குடைய சுண்ணாம்புக்கல் வேண்டும். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது லேசான அமிலமாகிவிடுகிறது. அது சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். லட்சக்கணக்கான வருடங்கள் இந்த வேலை நடந்தால் சுரங்கம் தயார். அப்படித் தயாரான ஒன்றுதான் ஆந்திராவில் உள்ள பெலும் குகை. கர்நூல் மாவட்டத்தில் இருந்தது, 2022-ல் மாவட்டங்களைப் பிரித்த பிறகு நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்து ஊர் கொலிமிகுண்ட்லா. ரயிலில் வருகிறவர்கள் தாடிபத்ரியில் இறங்கி சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். மேகாலயாவில் இதைவிடப் பல மடங்கு நீளமான குகைகள் உண்டு. ஆனால் பொதுமக்கள் டிக்கெட் எடுத்து உள்ளே நடந்து போகக்கூடிய குகைகளில் இந்தியத் துணைக்கண்டத்திலேயே நீளமானது என்று பெலுமைத்தான் சொல்கிறார்கள். அளந்த நீளம் 3,229 மீட்டர்.

இந்தக் குகையின் வரலாற்றில் நம்மூர் ஆட்களுக்கு ஓரளவு தெரிந்த ஒருவர் வருகிறார். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிரூபித்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் அவர். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். ரிட்டயர் ஆனபின் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியிருந்தார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தார் என்றாலும் அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டு தேவாலயத்தில் இருக்கிறது.

அப்போது கர்நூல் மெட்ராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது (1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆகும் வரை சென்னையோடுதான் இருந்தது). அங்கே பேதஞ்செர்லா பக்கம் உள்ள பில்லசுர்கம் என்ற குகைகளில் பழைய எலும்புகள் கிடைப்பதை நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி 1844-லேயே எழுதியிருந்தார். நாற்பது வருடம் அதை யாரும் சீண்டவில்லை. இதற்கிடையில் ஐரோப்பாவில் குகை குகையாகத் தோண்டி, அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளோடு மனிதன் செய்த கருவிகளையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலும் அப்படிக் கிடைக்காதா என்ற ஆசை வந்தது. டார்வினுக்காக வாதாடிப் பேர் பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி இதில் அக்கறை காட்ட, மெட்ராஸ் கவர்னர் கிராண்ட் டஃப் ஃபூட்டை அனுப்பினார். ஃபூட்டும் அவர் மகன் லெப்டினன்ட் ஹென்றி ஃபூட்டும் பில்லசுர்கத்தைத் தோண்டினார்கள். இன்று அந்தப் பக்கம் தலைகாட்டாத காண்டாமிருகத்தின் எலும்பு வரை கிடைத்தது!

அந்த 1884-ஆம் ஆண்டில்தான் பெலும் குகையும் ஃபூட்டின் குறிப்பில் ஏறியது. ஆனால் அவர் கவனம் முழுக்க எலும்பில் இருந்தது. பெலும் வெறும் குறிப்பாகவே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு? ஏறக்குறைய நூறு வருடம் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. குகை அங்கேயேதான் இருந்தது, ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். சமதளமான விவசாய நிலத்தில் கிணறு மாதிரி மூன்று பள்ளங்கள். அதில் நடுப்பள்ளம்தான் வாசல். ‘பிலம்’ என்றால் குகை, ஊருக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். ஆனால் வயல் நடுவே இருக்கும் ஓட்டையை மனிதர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள்? சுற்றுவட்டாரத்துக் குப்பையெல்லாம் அதற்குள் போனது. 1988 வரைக்கும் இப்படித்தான் நடந்தது என்கிறார்கள்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. குகையின் அடியாழத்தில், வாசலிலிருந்து 46 மீட்டர் கீழே, வருடம் முழுக்க ஓடும் ஒரு சிற்றோடை உண்டு. பெயர் பாதாள கங்கை. தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓடி பாறைக்குள் மறைந்துவிடுகிறது. சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி உள்ள பெலும் கிராமத்துக் கிணற்றுக்கு அந்தத் தண்ணீர்தான் போகிறது என்று நம்பப்படுகிறது. மணலில் இறங்கும் தண்ணீர் வடிகட்டப்பட்டு இறங்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்பில் அந்த வசதி கிடையாது. மேலே போட்டது அப்படியே கீழே. ஆகவே பள்ளத்தில் குப்பை கொட்டியவர்கள், அந்த நம்பிக்கை உண்மையென்றால், தங்கள் குடிதண்ணீரிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள்!

திருப்பூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆந்திராக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யலில் பல வருடங்கள் சாயத்தண்ணீர் ஓடியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாக மாறியது. சுற்றியுள்ள கிணறுகளும் கெட்டன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட வேண்டியதாயிற்று. நொய்யல் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற ஆறு. கண்ணில் படாத பாதாள கங்கைக்கு யார் வழக்குப் போடுவது?

பெலுமில் கோர்ட் வரவில்லை. வந்தது ஒரு ஜெர்மன்காரரும் அவருடைய டேப்பும். டேனியல் கெபாவர் என்ற குகை ஆராய்ச்சியாளர் 1982-லும் 1983-லும் தன் குழுவோடு வந்து, தவழ வேண்டிய இடத்தில் தவழ்ந்து, உள்ளே இருந்த பாதைகளை அளந்து வரைபடம் போட்டார். அந்த வரைபடம் வந்த பிறகுதான் ‘குப்பைக்குழி’ என்று நினைத்தது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. ஒருவர் உட்பட உள்ளூர்க்காரர்கள் சிலர் விடாமல் முயற்சி செய்தார்கள். 1999-ல் ஆந்திரப் பிரதேச சுற்றுலா வளர்ச்சிக் கழகம் குகையை எடுத்துக்கொண்டது. பாதை போட்டு, விளக்கு போட்டு, மூச்சு முட்டாமல் இருக்க மேலிருந்து காற்றுக்குழாய்களும் இறக்கி, 2002 பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அளந்தவருக்கு உள்ள பெயர், விடாமல் அலைந்த உள்ளூர்க்காரர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

சரி, இனி குகைக்குள் போவோம். குடும்பத்தோடு வருகிறவர்கள் படியிறங்கி 20 மீட்டர் கீழே போனதும் பாதை சமமாகிவிடும். குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்து வருகிற குழந்தைகளுக்கு முதல் ஏமாற்றம் அங்கேதான். உள்ளே புழுக்கம் தாங்காது, சட்டை நனைந்துவிடும். அடுத்து சிங்கத்தலை போலப் பாறை அமைந்த சிம்ம துவாரம். பிறகு மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் சிவலிங்கங்கள் மாதிரி நெருக்கியடித்து நிற்கும் கோடிலிங்கங்கள். ஆலமரத்து விழுதுகள் போல ஓரிடம். தியான மண்டபம் என்ற பகுதியில் புத்த, சமணத் துறவிகள் தங்கியிருந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் காலத்துப் பொருட்கள் அனந்தபூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுக்குப் பிடித்தது சந்தேகமில்லாமல் சப்தஸ்வர குகைதான். அங்குள்ள கல் விழுதுகளைத் தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். 2006-ல்தான் அதைத் திறந்தார்கள். தட்டக் கற்றுக்கொடுக்கிற பெரியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒடிந்த விழுது மறுபடி வளர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். பெயரைக் கிறுக்கிவிட்டு வருகிற நம் ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

2018-க்குப் பிறகு குகை என்றாலே பெற்றோருக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வருடம் ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களுடைய கோச்சும் மழை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, ஜூலை 10 வாக்கில்தான் கடைசி ஆள் வெளியே வந்தார். காப்பாற்றப் போன முக்குளிப்பவர் சமன் குனான் உயிரைவிட்டார். அங்கே ஆறு குகைக்குள் ஏறி வந்தது. பெலுமில் பாதை போட்ட பகுதியில் விளக்கும் வழிகாட்டிகளும் உண்டு, ஆனால் வழிகாட்டி போகாத சந்தில் பிள்ளைகளை விடக்கூடாது. அந்தச் சந்துகள்தான் அதிகம்! அளந்த 3,229 மீட்டரில் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான்.

பாதாள கங்கைக்குப் போனால் பெரியவர்களுக்குச் சப்பென்று இருக்கும். பாலவான் தீவில் உள்ள பிலிப்பைன்ஸின் பாதாள நதியில் படகே விடுகிறார்கள், அது 8.2 கிலோமீட்டர், 1999-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இங்கே கங்கை என்று பெயர் வைத்த ஓடையைத் தாண்டிக் குதித்துவிடலாம் போல இருக்கும். குழந்தைகள்தான் அது மறைகிற இடத்தில் குனிந்து நின்று, இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறார்கள். ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்று வழிகாட்டிகள் பதில் சொல்கிறார்கள்.