வீரகேரளம்புதூர் வட்டம்: நில அளவையும் நில உரிமையும்

தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த வீரகேரளம்புதூர் வட்டத்தில் நிலங்களை அளந்து, எல்லை வகுத்து, உரிமையைப் பதியும் வருவாய்த்துறை நடைமுறை. மாவட்டம் 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது.

வீரகேரளம்புதூர் ஊற்றுமலை ஜமீனின் தலைமையிடமாக இருந்த ஊர். ஜமீன் பகுதிகளில் குடிகள் ஜமீன்தாருக்கு வாரமோ தீர்வையோ செலுத்த, அவர் அரசுக்குப் பேஷ்குஷ் எனும் கப்பம் கட்டினார். 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இந்த அடுக்கை நீக்கி, குடிகளை, அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்தும் இரயத்துவாரிப் பட்டாதாரர்களாக்க வழிசெய்தது. இன்றைய நில வழக்குகள் பலவற்றில் இந்த மாற்றத்தின் ஆவணங்களே முதற் சான்று.

அளவைக்கு அடிப்படை 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம். அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியானபின், எல்லையை மறுப்பவர் 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுக வேண்டும். பழைய அளவுகோல் 66 அடி நீளமுள்ள, 100 கண்ணிகள் கொண்ட சங்கிலி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அரசு ஆவணங்கள் ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறிவிட்டன. பேச்சுவழக்கில் சென்ட் நிலைத்திருக்கிறது.

புல எண், உட்பிரிவு ஆகியவற்றின் பரப்பும் வகைப்பாடும் 'அ' பதிவேட்டிலும், வடிவமும் பக்க அளவுகளும் புலப்படத்திலும், சாகுபடி விவரம் அடங்கலிலும் இடம்பெறும். பத்திரப்பதிவு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும், பட்டா மாறுதல் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகவும் நடக்கின்றன. பட்டா வருவாய்த்துறை ஆவணமே. அது தனித்து உடைமை உரிமையை நிலைநாட்டாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவுகளில் நேர்ந்த பெயர்ப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் தமிழகமெங்கும் தொடர்கின்றன.