சன்ரேமோவில் பிரித்த நிலங்கள்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், பிரான்ஸ் எல்லைக்கு அருகே, மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது சன்ரேமோ. வட ஐரோப்பா குளிரில் உறையும் நாட்களிலும் இங்கே பூக்கள் மலரும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரச குடும்பத்தினரும் செல்வந்தரும் குளிர்காலத்தைக் கழிக்க இவ்வூரை நாடினர். 1874இல் ரஷ்யப் பேரரசி மரியா அலெக்சாந்திரோவ்னா வந்து தங்கினார். கடற்கரை வீதி இன்றும் பேரரசியின் பெயரால் வழங்குகிறது. டைனமைட்டைக் கண்டுபிடித்த அல்பிரட் நோபல் 1896 டிசெம்பர் 10ஆம் திகதி இங்கேதான் கண்மூடினார்.

ஆயினும் வரலாறு தேடுவோர் காண வேண்டியது தேவச்சான் மாளிகையை. பிரம்மஞான சபையார் வழக்கில் அப்பெயருக்குச் சொர்க்க நிலை என்று பொருள். 1920 ஏப்ரல் 19 முதல் 26 வரை பிரித்தானியப் பிரதமர் லொயிட் ஜோர்ஜ், பிரெஞ்சுப் பிரதமர் மிலெரான், இத்தாலியப் பிரதமர் நிட்டி, ஜப்பானியத் தூதர் ஆகியோர் அங்கே கூடினர். முதலாம் உலகப் போரில் தோற்ற துருக்கியப் பேரரசின் அரபு நிலங்களைப் பங்கிட்டனர். சிரியாவும் லெபனானும் பிரான்சின் பொறுப்பில்; பலஸ்தீனமும் ஈராக்கும் பிரித்தானியாவின் பொறுப்பில். ஈராக் எண்ணெயில் காற்பங்கு பிரான்சுக்கு என்றும் உடன்பாடாயிற்று.

அந்த மண்ணின் மக்களின் சம்மதத்தை யாரும் பெறவில்லை. அவ்வாண்டு மார்ச்சில்தான் டமஸ்கசில் அரபுப் பேராளர்கள் பைசலைத் தங்கள் மன்னராக்கியிருந்தனர். யூலையில் பிரெஞ்சுப் படை அந்நகருக்குள் நுழைந்தது. மன்னர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். ஈராக்கிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. பலஸ்தீனத்தில் அன்று விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

சன்ரேமோ போகிறவர்கள் கடலழகை ரசிக்கட்டும். அந்த மாளிகை வாசலிலும் சற்று நிற்கட்டும். சிலர் ஓய்வெடுக்கும் ஊரில்தான் வேறு பலரின் ஊர்கள் கைமாறின.