பணியிடத்தில் பாலூட்டும் உரிமை: இந்தியச் சட்டங்களின் வரலாறு

பாலூட்டும் இடைவேளை என்பது வேலை நேரத்தின் நடுவே கைக்குழந்தைக்குப் பாலூட்டுவதற்காகத் தாய்க்குச் சட்டப்படி வழங்கப்படும் நேரமாகும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இவ்வுரிமையை வழங்கியது. குழந்தை தாய்க்கு எட்டும் தொலைவில் இருந்தால்தான் இந்த நேரம் பயன்படும். எனவே இந்த இடைவேளையின் வரலாறு, பணியிடக் குழந்தைகள் காப்பகங்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

தொடக்க முயற்சிகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெண்கள் திரளாக வேலை செய்தனர். தாய் ஆலையில் இருக்கும் நேரத்தில் குழந்தை அழாமல் உறங்குவதற்காக அதற்கு அபின் கொடுக்கும் வழக்கம் தொழிலாளர் குடியிருப்புகளில் பரவியிருந்தது. 1920களில் பம்பாய் அரசுக்காகப் பெண் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த மருத்துவர் புளோரன்சு பார்ன்சு இதைப் பதிவு செய்தார்.

1919இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் தர வேண்டும் என உடன்படிக்கை எண் 3இல் வகுத்தது. இந்தியா இதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. 1924இல் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மகப்பேறு மசோதாவும் நிறைவேறவில்லை. பின்னர் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. பம்பாய் 1929இலும் சென்னை 1934இலும் இயற்றிய சட்டங்கள் பிரசவ காலப் பணப்பயனையே முதன்மையாகக் கொண்டிருந்தன.

காப்பகமும் இடைவேளையும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. தாய்மார் தேவையான இடைவெளிகளில் வந்து பாலூட்ட வசதி செய்யும் விதிகளை இயற்றவும் அது இடமளித்தது. 1976இல் இந்த எண்ணிக்கை வரம்பு 30ஆகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் காப்பகக் கடமையை விரித்தது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமான ஓய்வு நேரத்துடன் கூடுதலாக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்கியது. இதற்காகக் கூலி பிடிப்பதை 13ஆம் பிரிவு தடை செய்தது. சுரங்கங்களுக்கான 1963ஆம் ஆண்டு விதிகள் ஓர் இடைவேளையை 15 நிமிடமாக வரையறுத்தன. காப்பகம் அருகில் இல்லையெனில் சென்று திரும்பச் சிறிது கூடுதல் நேரமும் இருந்தது.

எண்ணிக்கை வரம்பின் விளைவு

இடைவேளை ஒரு சட்டத்திலும் காப்பகம் வேறு சட்டங்களிலும் இருந்ததால் இடையில் ஓர் இடைவெளி உண்டானது. நூற்றுக்கணக்கான ஆண்கள் வேலை செய்யும் ஆலையில் பெண்கள் 30 பேருக்கு மேல் இல்லையென்றால் காப்பகம் தேவைப்படவில்லை. அங்கு வேலை செய்த தாய் 15 நிமிடத்தில் வீட்டுக்குச் சென்று பாலூட்டித் திரும்ப இயலவில்லை. மேலும், பெண்களின் தலைக்கணக்கைக் கொண்டே கடமை தீர்மானிக்கப்பட்டதால், பெண்களைக் குறைவாக அமர்த்திச் செலவைத் தவிர்க்க முதலாளிகளுக்கு வழி இருந்தது.

பிற்கால மாற்றங்கள்

2000ஆம் ஆண்டில் தில்லி மாநகராட்சி வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன்கள் உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் 11அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. இதன்படி ஆண், பெண் எனப் பிரிக்காமல் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டியிருந்தது. ஓய்வு இடைவேளை உட்பட நாளுக்கு நான்கு முறை தாய் அங்குச் செல்ல அனுமதி இருந்தது. காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் மகப்பேறு நலச் சட்டத்துக்குள்ளேயே இணைந்தது இத்திருத்தத்தால்தான். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விரண்டும் இடம்பெற்றன.

தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சேமிப்பதற்கான தனியறை குறித்து 11, 11அ பிரிவுகள் எதுவும் கூறவில்லை. 50 பேருக்குக் குறைவாக உள்ள கடைகள், சிறு பட்டறைகள் ஆகியவை 11அ பிரிவின் காப்பகக் கடமைக்குள் வரவில்லை. பிறர் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைவேளையும் பொருந்தவில்லை.