ஒகோயோங்கில் ஒரு மருந்து பாட்டில்

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் கலபார்னு ஒரு துறைமுக நகரம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் இரட்டைக் குழந்தை பிறந்தால் ஊரே நடுங்கும். இரண்டில் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது என்பது நம்பிக்கை. எது என்று தெரியாததால் இரண்டையும் கொன்றுவிடுவார்கள், அல்லது காட்டில் போட்டுவிடுவார்கள். தாயையும் ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள்.

மேரி ஸ்லெஸ்ஸர் 1876ல் அங்கே மிஷனரியாகப் போய் இறங்கியபோது வயது 27. ஸ்காட்லாந்துக்காரர். டண்டீ நகரத்தில், 11 வயதிலேயே பாதி நாள் ஆலை வேலை, பாதி நாள் பள்ளிக்கூடம் என்று வளர்ந்தவர்.

1878ல் பிரிட்டிஷ் கான்சலும் கலபார் தலைவர்களும் ஒப்பந்தம் போட்டு இந்தக் கொலைகளுக்குத் தடை விதித்தார்கள். பிரச்சினை முடிந்ததா? இல்லை. உள்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. 1888ல் மேரி அப்படி ஒரு பகுதிக்கு, ஒகோயோங்குக்கு, குடிபோனார். எகெங்கே கிராமத்தில் தலைவர் எடெமின் வளாகத்துக்குள்ளேயே ஒரு மண் குடிசை. எஃபிக் மொழி சரளமாகப் பேசுவார், உள்ளூர்ச் சாப்பாடுதான் சாப்பிடுவார். தூக்கிப்போட்ட குழந்தைகளைக் கொண்டுவந்து அதே குடிசையில் வளர்த்தார்.

என் பார்வையில் மாற்றம் வந்தது இங்கேதான். தடை உத்தரவால் பயத்தைப் போக்க முடியாது. ஆனால் ஆவிக்குப் பிறந்ததாகச் சொன்ன குழந்தை பக்கத்து வீட்டிலேயே வளருது, விளையாடுது, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இதை வருஷக்கணக்கில் கண்ணால் பார்க்கும்போது பயம் கொஞ்சம் கொஞ்சமா கரையும். இரண்டு வாரம் போய் உதவிவிட்டுத் திரும்பும் பயணத்தில் இது நடக்காது. மேரி 1915ல் சாகும்வரை, இடையில் சில விடுப்புகள் தவிர, 38 வருஷத்துக்கு மேல் அந்த மண்ணிலேயே இருந்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1890களில் பிரிட்டிஷ் அரசு அவரையே ஒகோயோங்கின் வைஸ் கான்சலாக்கியது. அதாவது குழந்தைகளைக் காப்பாற்றிய அதே கை காலனி ஆட்சிக்கும் கதவைத் திறந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே பார்க்கணும்.

இந்தக் கதையில் பலர் தாண்டிப்போகிற ஒரு பெயர் மா எமே. தலைவர் எடெமின் சகோதரி, விதவை. ஊரில் யாருக்காவது ஆபத்து வருகிற மாதிரி இருந்தால், ஒரு குறிப்பிட்ட பாட்டிலை "மருந்து நிரப்பித் தாங்க" என்று மேரிக்கு அனுப்புவார். அதுதான் ரகசிய சைகை. மேரி உடனே கிளம்பிவிடுவார். உளவு சொன்னது தெரிந்தால் மா எமேயின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. மேரிக்காவது மிஷன் இருந்தது, பின்னாடி அரசும் இருந்தது. இவருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

1990களின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி 10 பவுண்டு நோட்டில் மேரியின் படத்தை அச்சிட்டது. தகுதியானவர்தான். அத்தனை உயிர்களுக்குத் துணைநின்ற மா எமேயோ கடைசிவரை கிறிஸ்தவராக மாறவே இல்லை. மேரிக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அவரைத் தன் கூடப்பிறந்தவர் மாதிரியேதான் நினைத்தார்.