சேஸ் கவுண்டி (கன்சாஸ்)

அமெரிக்காவின் நடுமேற்கில், கன்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஃபிளின்ட் குன்றுகளின் நடுவே உள்ள கவுண்டி. பரப்பு ஏறத்தாழ 2,015 சதுர கி.மீ. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,572. தலைமையிடம் காட்டன்வுட் ஃபால்ஸ்.

நிலம்: பெர்மியன் காலத்தில் ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகளே இக்குன்றுகள். சுண்ணாம்பு மழையில் கரைய, அதனூடே இருந்த சிக்கிமுக்கிக் கல் மேட்டுநிலமெங்கும் சிதறிக் கிடக்கிறது, ஏர் இறங்காது. அதனால் உழவு காட்டன்வுட் ஆற்றின் வண்டல் பள்ளத்தாக்கோடு நின்றது. மேட்டில் புல் தப்பியது. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் பரந்து கிடந்த உயர்புல் வெளியில் இன்று 4 விழுக்காட்டுக்கும் குறைவே மிச்சம். அதில் பெரும்பகுதி ஃபிளின்ட் குன்றுகளில்தான் உள்ளது.

வரலாறு: இது கான்சா (கா) பழங்குடியினர் காட்டெருமை வேட்டையாடிய பகுதி. கவுண்டி 1859-இல் அமைக்கப்பட்டது. பின்னாளில் லிங்கனின் நிதியமைச்சராகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்த சாமன் சேஸின் பெயர் இடப்பட்டது. 1871-இல் சாந்தா ஃபே ரயில்பாதை வந்தது. 1873-இல், வடக்கே கவுன்சில் குரோவ் அருகே எஞ்சியிருந்த கா மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டனர். அதே ஆண்டில் காட்டன்வுட் ஃபால்ஸில், ஜான் ஹாஸ்கெல் வடிவமைத்த சுண்ணாம்புக்கல் நீதிமன்ற மாளிகை எழுந்தது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. குன்றுகளின் சுண்ணாம்புக்கல் கட்டடத்துக்கு உதவியதால் கல்லுடைப்பும் ஒரு தொழிலாயிற்று.

மேய்ச்சல்: ஆண்டுதோறும் இளவேனிலில் பழைய புல்லுக்குத் தீ வைப்பார்கள், பழங்குடியினர் காலத்திலிருந்தே தொடரும் வழக்கம் இது. துளிர்க்கும் புல்லை மேய்ந்து கொழுக்க, டெக்சஸிலிருந்து மாடுகள் ரயிலில் வந்திறங்கின. மேய்ச்சலுக்குப் பரந்த நிலம் தேவை. ஆள் அதிகம் தேவையில்லை. 1900 வாக்கில் 8,200-ஐத் தாண்டிய மக்கள்தொகை பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

ஊர்கள்: நகராட்சி பெற்றவை ஐந்து: காட்டன்வுட் ஃபால்ஸ், ஸ்ட்ராங் சிட்டி, சீடர் பாயின்ட், எல்ம்டேல், மேட்ஃபீல்டு கிரீன். ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஸ்ட்ராங் சிட்டி, சாந்தா ஃபே நிறுவனத் தலைவர் வில்லியம் ஸ்ட்ராங்கின் பெயரை 1881-இல் ஏற்றது. இன்று ரோடியோ விழாவுக்குப் பெயர்பெற்றது. கிளெமென்ட்ஸில் 1880-களில் கட்டிய இரட்டை வளைவுக் கல்பாலம் உள்ளது. சாஃபர்ட்வில் காட்டன்வுட் வெள்ளங்களால், குறிப்பாக 1951 பெருவெள்ளத்தால் ஊரென்ற நிலையை இழந்தது. பஜார் அருகே 1931 மார்ச் 31-இல் விமானம் விழுந்து, நோட்டர்டேம் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எண்மர் இறந்தனர். மரச் சட்ட இறக்கை முறிந்த அவ்விபத்து அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதிகளை இறுகச் செய்தது. வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் இக்கவுண்டியை மட்டுமே பொருளாக்கி எழுதிய ‘பிரெய்ரிஎர்த்’ 1991-இல் வெளிவந்தது.

காப்பகம்: ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே, 1880-களின் ஸ்பிரிங் ஹில் பண்ணையை மையமாகக் கொண்டு உயர்புல்வெளித் தேசியக் காப்பகம் 1996-இல் நிறுவப்பட்டது. பரப்பு சுமார் 10,900 ஏக்கர். 2009-இல் காட்டெருமைகள் மீண்டும் விடப்பட்டன. கூட்டாட்சி அரசு நிலத்தை எடுத்துக்கொள்வதைப் பண்ணையாளர்கள் எதிர்த்ததால், அரசு 180 ஏக்கருக்கு மேல் உடைமை கொள்ளலாகாதெனச் சட்டமே வரம்பிட்டது. தேசியப் பூங்காச் சேவை பராமரிக்கும் நிலத்தின் பெரும்பகுதி, 2005 முதல் ‘நேச்சர் கன்சர்வன்சி’ என்னும் தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தம்.