விக்குள் முதல் மூளைத்தண்டு வரை: ஒரு நோய்க்குறியின் வரலாறு

முன்னுரை

விக்கல் எளிய உடற்செயல். ஒரு மிடறு நீரால் அது அடங்கிவிடும். யாரோ நினைக்கிறார்கள் என்று கூறி அதனைக் கடப்பது நம் மக்கள் வழக்கு. எனினும் அடங்காத விக்கலை உயிருக்கு ஊறு தரும் குறியாகப் பண்டை நூல்கள் கண்டுள்ளன. இன்றைய நரம்பியல் மருத்துவமும் அதனைப் புறக்கணிப்பதில்லை. இவ்விரு நோக்குகளும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை நூல்களில் விக்கல்

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் (குறள் 335) ‘விக்குள்’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ‘செய்யுள்’ என்பதிற்போல ‘உள்’ ஈறு பெற்ற பெயர் இது. நாவடங்குதலையும் விக்குள் எழுதலையும் வள்ளுவர் சாவின் முன்வரவாக அடுத்தடுத்து வைக்கிறார்.

வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதை விக்கலையும் இரைப்பையும் ஒரே இயலில் வைத்து, உயிரை விரைந்து கவரும் நோய்கள் எனக் குறிக்கிறது. மகா, கம்பீரா, வியபேதா, க்ஷுத்ரா, அன்னஜா என விக்கல் ஐவகைப்படும். உணவால் வரும் அன்னஜா தீரக்கூடியது; மகா முதலியன கொடியவை. எளியதும் கொடியதும் ஒரே குறியில் அடங்கும் என்னும் தெளிவு அன்றே இருந்தமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் அந்நூல் நோயின் தோற்றுவாயைப் பித்தத்தின் இருப்பிடத்தில் வைத்ததேயன்றித் தலையில் வைக்கவில்லை.

கிரேக்க நாட்டிலும் இப்பொருள் பேசப்பட்டது. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ என்னும் உரையாடலில் விக்கலுற்ற அரிஸ்டோபனிசுக்கு, மூச்சை அடக்குதல், நீரால் தொண்டையைக் கொப்பளித்தல், தும்மலை வருவித்தல் என மூன்று வழிகளை மருத்துவர் எரிக்சிமாக்கஸ் கூறுகிறார்.

நரம்பை நோக்கிய நகர்வு

1833இல் தாமஸ் ஷார்ட் என்னும் மருத்துவர், உதரவிதானத்தை இயக்கும் நரம்பு உறுத்தப்படுவதற்கும் விக்கலுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். 1895இல் அடால்ஃப் வாலன்பெர்க், முகுளத்தின் பக்கவாட்டுப் பகுதிக்குக் குருதி தடைப்படுவதால் எழும் குறிகளைத் தொகுத்து விளக்கினார். விழுங்க இயலாமை, குரல் கம்மல், தலைசுற்றல் ஆகியவற்றோடு அடங்காத விக்கலும் அந்நோயில் காணப்படுவது இன்று நன்கறியப்பட்டது. முதல் உலகப்போரை ஒட்டி ஐரோப்பாவில் தூக்க மூளையழற்சி பரவிய காலத்தில் விக்கலும் கொள்ளைநோய்போல் பரவியது. இரண்டும் ஒன்றா என மருத்துவர்கள் விவாதித்தனர்.

உதரவிதானம் திடீரெனச் சுருங்க, மறுகணமே குரல்வளை வாயில் மூடிக்கொள்வதால் விக்கலின் ஒலி எழுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் நரம்பு வளையத்தில் முகுளத்திற்கு இன்றியமையாத பங்குண்டு. ஆகவே அங்கு ஏற்படும் அடைப்பு, கட்டி, அழற்சி ஆகியன விக்கலை இடைவிடாது எழுப்பக்கூடும்.

அண்மைக்கால அறிவு

கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்னும் நோய் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. இந்நோயாளர் சிலரிடம் தீராத விக்கலும் குமட்டலும் தோன்றுவதை 2005இல் ஜப்பானிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 2015இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நோயறி நெறிமுறைகள், வேறு காரணம் காணப்படாத விக்கலை இந்நோயின் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாக ஏற்றன. பார்வை மங்குவதற்கும் கால்கள் செயலிழப்பதற்கும் முன்னரே இவ்விக்கல் வரக்கூடும். அதனை வயிற்றுக் கோளாறென்று மட்டும் கருதினால், பார்வையையும் நடையையும் காக்கும் காலம் கடந்துவிடும். நீண்ட விக்கலுக்கு இரைப்பை, உணவுக்குழாய், சிறுநீரகக் கோளாறுகளும் சில மருந்துகளும் காரணமாகலாம். எனினும் 48 மணி நேரத்திற்கு மேல் நீடிப்பதை நீடித்த விக்கல் என வரையறுத்து, காரணம் தேடுவதே இன்றைய மருத்துவ நெறி.

முடிவுரை

நாவடங்குதலும் விக்குளும் குறளில் ஒருங்கே நிற்பதைக் கண்டு, வள்ளுவர் முகுளத்தை அறிந்திருந்தார் எனக் கூறுவார் உளராகலாம். அது பொருந்தாது. பேச்சு, விழுங்கல், மூச்சு ஆகியவற்றை ஆளும் நரம்பணுத் தொகுதிகள் முகுளத்தில் நெருங்கியிருப்பதால், அவ்விடம் கெடும்போது நாத்தளர்ச்சியும் விக்கலும் சேர்ந்து வரக்கூடும். அதனை விளக்கியது பிற்கால அறிவியலே. குறள் தருவது இறப்போர் அருகிருந்து கண்டவர்களின் நுண்ணிய நோக்கு. கண்டதற்கும் காரணம் அறிந்ததற்கும் உள்ள இடைவெளியை மறைத்தால் பண்டை நூலுக்குப் பெருமை சேராது. அதன் உண்மையான சான்று மதிப்பே குறையும். நல்வினையை நாளைக்கு ஒத்திப்போடாதே என்பது குறளின் அறம். நீடிக்கும் விக்கலை நாளைக்கென விடாதே என்பது இன்றைய மருத்துவத்தின் அறிவுரை. காலந்தாழ்த்தாமையை வலியுறுத்துவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.