வேலையோடு கட்டிய வீடு

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளருக்கு, ஆதியில் மூங்கில் தட்டிகளால் வரிசை வரிசையாக எழுப்பப்பட்ட குடியிருப்புகளே ‘லைன்’கள் என்று பெயர் பெற்றன. அவ்வீடுகள் கம்பெனிக்குச் சொந்தமானவை. வேலை இருக்கும்வரையில்தான் வாசமும். ஆகவே சித்தம் கலங்கிச் சுரங்கத்தில் இறங்க இயலாது போன ஒருவனுக்கு, வேலையிலிருந்த தகப்பனோ தமையனோ மகனோ தன் கூரையில் இடம் கொடுத்தாலன்றி, அவ்வூரில் தங்குவதற்கு வேறு ஆதாரம் இருந்திருக்க முடியாது.

குடும்பம் கைவிட்டபின் எஞ்சியது ஆஸ்பத்திரி. தங்கவயலுக்கு நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரில், 1847-இல் டாக்டர் சார்லஸ் இர்விங் ஸ்மித் ஏற்படுத்திய பைத்தியக்கார ஆஸ்பத்திரி, 1925-இல் மனநோய் மருத்துவமனை என்னும் கௌரவமான நாமத்தைப் பெற்று, 1954-இல் ஏற்பட்ட அகில இந்திய மனநல ஸ்தாபனத்தோடு 1974-இல் இணைந்து, ‘நிம்ஹான்ஸ்’ என்னும் தேசிய மனநல, நரம்பியல் ஸ்தாபனம் ஆயிற்று. பெயர் மாறி, சிகிச்சையும் சீர்திருந்திய போதிலும், நோய் தணிந்தபின் அழைத்துப்போக ஆள் வராதவர்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆயுளைக் கழிக்கும் அவலம் இத்தேசத்து மனநோய் மருத்துவமனைகளுக்கெல்லாம் பொதுவாகவே நீடித்தது. ஐம்பதுகளில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் பந்துக்களையும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்து, சிகிச்சையில் அவர்களையும் பங்குகொள்ள வைத்தார். பெங்களூரிலும் பிற்பாடு குடும்ப வார்டுகள் தோன்றின. எனினும் பந்துக்களே இல்லாதவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

2001-ஆம் வருஷம் இவ்விஷயத்தில் இரு வகையிலும் துயரமானது. பிப்ரவரி 28-ஆம் தேதி, தங்கவயல் சுரங்கங்களைப் பிற்பாடு நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு, வேலையை நம்பியிருந்த வீடுகளின் நிலை சந்தேகத்துக்குள்ளாயிற்று. ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த விடுதியொன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். நோயையே தகுதியாக்கிக் கொடுக்கும் தங்குமிடம் எத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடும் என்பதை அச்சம்பவம் தேசம் முழுவதற்கும் உணர்த்திற்று.

வேறொரு மார்க்கம் சென்னையில் உருவாயிற்று. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், தெருவில் அலைந்த மனநோயுற்ற ஸ்திரீகளுக்காகத் தொடங்கிய ‘பான்யன்’ ஸ்தாபனம், நெடுங்காலம் தன்னிடம் தங்கிவிட்டவர்களை முன்னிட்டு, 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. சாதாரணத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு. அதில் நாலைந்து பேர். கூடவே துணைக்கு ஒரு பணியாளர். சமைப்பதும், கடைக்குப் போவதும், பண்டிகை கொண்டாடுவதும், வேலைக்குப் போவதும் போகாதிருப்பதும் அவரவர் இஷ்டம். நோய் முற்றிலும் நீங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும், சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை வகுத்து, உறவினர் இல்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையில் நீடித்து வைக்கலாகாது என்று விதித்துள்ளது.

சுவரோடு சுவர் ஒட்டி, அயலாரின் சுகதுக்கங்கள் செவியில் விழும்படி அமைந்த தங்கவயல் லைன்களில் இத்தகைய இல்லங்கள் அமைவது பொருத்தமே. ஆனால் பகலில் பலரும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடும் அவ்வூரில், சம்பளம் பெறும் துணையாள் இன்றி அயலாரின் தயையை மட்டும் நம்புவது தகாது. மற்றபடி, வேலை போனாலும் வீடு போகலாகாது என்ற நியாயத்தைத் தங்கவயல்காரருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.